பாட்டியின் எச்சிலால் பிள்ளைக்குப் புற்றுநோய் வருமா?

கேள்வி: பொங்கோல் அப்பா (சிங்கப்பூர்)
10 ஜூலை 2024, இரவு 10.50

என் மகனுக்கு 7 வயது. இரண்டு வாரமாகக் காய்ச்சல், தொண்டைப் புண், கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டியிருக்கிறது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு ‘எப்ஸ்டீன் பார்’ வைரஸ் என்றார்கள். ஓய்வு எடுத்தால் போதுமாம். வீட்டுக்கு வந்து தேடினால் அதே வைரஸ் பெயரோடு ‘பர்க்கிட் லிம்போமா’ என்று ஒரு நிணநீர்ப் புற்றுநோய் வருகிறது. எச்சில் வழியாகப் பரவுமாம். என் அம்மா ஊரிலிருந்து வந்து மூன்று மாதமாக எங்களோடு இருக்கிறார். இட்லியைத் தன் வாயில் வைத்துச் சூடு பார்த்துவிட்டுத்தான் பேரனுக்கு ஊட்டுவார். இனி ஊட்டக் கூடாது என்று என் மனைவி சொல்லிவிட்டார். அம்மாவுக்கு இப்போது தனித் தட்டு, தனிக் கரண்டி. நாங்கள் செய்வது சரிதானே? யாருக்காவது அனுபவம் உண்டா?

பதில்: ஓர் அம்மா
10 ஜூலை, இரவு 11.35

அனுபவம் உண்டு. என் மூத்தவனுக்கு 2016இல், 6 வயதில், பர்க்கிட் லிம்போமா வந்தது. இப்போது 14 வயது, உயர்நிலை 2, என்னைவிட ஒரு சாண் உயரம். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மீதியைப் பதறிக்கொண்டே படிப்பீர்கள்.

உங்கள் மகனுக்கு வந்திருப்பது ஈபிவி, அதாவது எப்ஸ்டீன் பார் வைரஸ் காய்ச்சல். உலகத்தில் பெரியவர்கள் 100 பேரில் 90 பேருக்கு மேல் இந்த வைரஸைச் சுமக்கிறார்கள். பச்சைக் குழந்தையாக இருக்கும்போது தொற்றினால் பெரும்பாலும் ஒன்றுமே தெரியாது, அல்லது சாதாரணச் சளிக் காய்ச்சல் போல வந்து போய்விடும். பிறகு ஆயுசு முழுக்க ‘பி அணு’ என்கிற ஒருவகை வெள்ளையணுவுக்குள் தூங்கும். அவ்வப்போது எச்சிலில் தலைகாட்டும். அதனால் உங்கள் அம்மாவிடமிருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பள்ளியில் தண்ணீர்ப் புட்டியை மாற்றிக் குடித்திருப்பான். நாமெல்லாம் சட்டைத் துணியை மூடிக் காக்காய்க் கடி கடித்து மிட்டாய் கொடுத்துக்கொண்டோமே, அந்தத் துணி எந்த வைரஸையும் தடுத்திருக்காது.

தனித் தட்டு வேண்டாம். ஏன் என்று நாளை எழுதுகிறேன், சின்னவள் எழுந்துவிட்டாள்.

11 ஜூலை, காலை 6.10

அவசரமாக ஒன்று. பையன் பந்து விளையாடுகிறவனா? இந்தக் காய்ச்சலில் மண்ணீரல் வீங்கியிருக்கலாம், வயிற்றில் அடிபட்டால் கிழியலாம். டாக்டர் சரி என்று சொல்லும்வரை கால்பந்து, சிலாட் தற்காப்புக் கலை, கட்டிலிலிருந்து குதிப்பது எல்லாவற்றையும் நிறுத்துங்கள். வீட்டில் பழைய அமோக்சிசிலின் ஆன்டிபயாடிக் மீதி இருந்தால் தொண்டைப் புண்ணுக்கென்று கொடுத்துவிடாதீர்கள். வைரஸுக்கு அது கேட்காது. அதோடு இந்தக் காய்ச்சலில் அதைக் கொடுத்தால் பல பிள்ளைகளுக்கு உடம்பெல்லாம் சிவந்து தடித்துவிடும்.

11 ஜூலை, இரவு 11.50

2016 மார்ச் விடுமுறை வாரம். மகனுக்கு வயிற்று வலி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வாந்தி. வீட்டுக்குப் பக்கத்துக் கிளினிக்கில் மலச்சிக்கல் என்று மருந்து கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து மறுபடி போனோம், மறுபடியும் அதே மருந்து. சனிக்கிழமை பார்த்தால் அரைக்கால் சட்டையின் எலாஸ்டிக் வயிற்றில் சிவப்பாக வரி போட்டிருக்கிறது. போன வாரம் இடுப்பில் நிற்காமல் நழுவிய சட்டை அது. வலது பக்கம் அடிவயிற்றில் கை வைத்தேன், எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி. அன்றே அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஸ்கேனில் குடலுக்குள் குடல் செருகிக் கிடந்தது. அதைச் செருக வைத்தது கட்டி. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்குக் குடல் இப்படிச் செருகினால் உள்ளே ஏதாவது இருக்கிறதா என்று தேட வேண்டும் என்பதை அறுவை டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

பர்க்கிட்டின் வேகம் பயங்கரமானது. அதன் அணுக்கள் ஒன்று இரண்டாக ஏறக்குறைய 24 முதல் 48 மணி நேரம் போதும். மனித உடம்பில் வரும் கட்டிகளிலேயே மிக வேகமானவற்றில் ஒன்று. ஆனால் கீமோ மருந்து அடிப்பதே பிரிந்து பெருகிக்கொண்டிருக்கும் அணுவைத்தான். “வேகமா வளர்றதுதான் வேகமாச் சாகும்மா” என்று எங்கள் டாக்டர் சொன்னார். வசதியுள்ள நாடுகளில் இந்த நோய் வந்த பிள்ளைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைத்துவிடுகிறார்கள்.

முதல் வாரம்தான் கண்டம். கட்டி ஒரேயடியாகக் கரையும்போது அதற்குள் இருக்கும் பொட்டாசியம், பாஸ்பேட் எல்லாம் ரத்தத்தில் கொட்டும், யூரிக் அமிலம் ஏறும். சிறுநீரகம் அடைத்துக்கொள்ளும், இதயத் துடிப்பு தடுமாறும். அதனால் முதலில் மிதமான மருந்து, ராத்திரி பகலாக டிரிப். நர்ஸ் தினமும் காலையில் தொப்புள் உயரத்தில் பேனாவால் புள்ளி வைத்து, இஞ்ச் டேப்பைச் சுற்றி வயிற்றை அளப்பார். 61 சென்டிமீட்டர். 60 அரை. 58. அந்த எண்ணைக் கேட்பதற்காகவே நான் ஆறு மணிக்கு எழுந்து முகம் கழுவி உட்கார்ந்திருப்பேன். சிறுநீர் முழுவதையும் புட்டியில் பிடித்து அளந்து எழுத வேண்டும். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. ‘இரவு 3.20, 240 மில்லி, வெளிர் மஞ்சள்’ என்று என் கையெழுத்து.

இனிமேல் எழுதுவதுதான் உங்களுக்கு. அந்த வாரத்தில் நானும் உங்களைப் போலத்தான் தேடினேன். எப்ஸ்டீன் பார், எச்சில், பர்க்கிட். என் மாமியார் பேரனுக்கு முறுக்கைத் தன் வாயில் மென்று ஊட்டியவர். வார்டு நடைபாதையில் வைத்து, “நீங்க ஊட்டுனதுதான் அத்தை” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை. மறுநாளிலிருந்து வார்டுக்கு வந்தால் கட்டிலிலிருந்து நான்கடி தள்ளி, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். என் மகன் கேட்டான்: “அப்பாயி, என் மேல நாத்தம் அடிக்குதா?”

இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது சுற்றுக் கீமோ நடந்தபோது, வேறு ஏதோ கேட்கப் போய் டாக்டர் திசு அறிக்கையைத் திருப்பிக் காட்டினார். கட்டியின் அணுக்களில் ஈபிவி இருக்கிறதா என்று சாயம் ஏற்றிப் பார்க்கிற சோதனை. நெகட்டிவ். என் மகனின் கட்டியில் அந்த வைரஸே இல்லை. அறிக்கை வந்து பல வாரமாகியிருந்தது. நான்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வைரஸ்தான் காரணம், அது யாரிடமிருந்து வந்தது என்பதுகூட எனக்குத் தெரியும் என்று நானே முடிவு கட்டியிருந்தேன்.

12 ஜூலை, மதியம் 1.15

‘அப்படியானால் இணையத்தில் ஏன் வைரஸ் வைரஸ் என்று எழுதுகிறார்கள்’ என்று இந்த இழையில் ஈசூனிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. அலுவலகத்தில் சாப்பாட்டு நேரம், முடிந்த அளவு எழுதுகிறேன்.

பர்க்கிட் என்று ஒரே பெயர் சொன்னாலும் மூன்று வகை. ஆப்பிரிக்காவின் நடுப்பகுதியிலும் பாப்புவா நியூ கினியிலும் வருவது ஒன்று. தாடையில் வரும், கட்டியில் ஏறக்குறைய எல்லாருக்கும் ஈபிவி இருக்கும். மற்ற நாடுகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாக வருவது இரண்டாவது. இங்கே வயிறுதான் அதிகம், கட்டியில் ஈபிவி இருப்பது 100இல் 20, 30 பேருக்குத்தான். எச்ஐவி போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கு வருவது மூன்றாவது. என் மகனுக்கு இரண்டாவது. நான் படித்ததெல்லாம் முதல் வகையைப் பற்றி.

12 ஜூலை, இரவு 10.20

மத்தியானம் பாதியில் விட்டதைத் தொடர்கிறேன். இந்தக் கதையை நான் வார்டில் உட்கார்ந்து படித்துப் படித்து மனப்பாடம் ஆகிவிட்டது.

டெனிஸ் பர்க்கிட் அயர்லாந்துக்காரர், உகாண்டாவில் கம்பாலா முலாகோ மருத்துவமனையில் அறுவை டாக்டர். சின்ன வயதிலேயே ஒரு கண்ணை இழந்தவர். 1957இல் ஒரு சிறுவனைக் காட்டுகிறார்கள். மேல் தாடை, கீழ்த் தாடை, இரண்டு பக்கமும், நான்கு இடத்திலும் வீக்கம். இது என்ன நோய் என்று அவருக்குப் புரியவில்லை. சில வாரம் கழித்து ஜிஞ்சா மருத்துவமனைக்குப் போனவர் ஜன்னல் வழியாக வெளியே பார்க்கிறார். புல்லில் ஒரு தாயும் குழந்தையும். குழந்தைக்கு அதே முகம். ஒன்று என்றால் விநோதம், இரண்டு என்றால் நோய். 1958இல் எழுதி வெளியிட்டார். 1961இல் இரண்டு நண்பர்களோடு ஒரு பழைய ஃபோர்டு வண்டியில் பத்து வாரத்தில் 16,000 கிலோமீட்டர் ஓடி, ஆப்பிரிக்காவின் கிழக்கிலும் தெற்கிலும் மருத்துவமனை மருத்துவமனையாக இந்த நோயைத் தேடினார். வரைபடத்தில் குறித்தால், வெப்பமும் மழையும் உள்ள தாழ்ந்த பகுதிகளில் நோய் இருக்கிறது, குளிர்ந்த மேட்டு நிலத்தில் இல்லை. மலேரியா எங்கே இருக்கிறதோ அங்கே.

அதே 1961 மார்ச்சில் லண்டனில் அவர் பேசியதைக் கேட்ட ஆந்தனி எப்ஸ்டீன் என்ற ஆய்வாளர், இதற்குப் பின்னால் வைரஸ் இருக்கும் என்று அன்றே முடிவு செய்தார். உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகள் விமானத்தில் லண்டனுக்கு வந்தன. இரண்டு வருடத்துக்கு மேல் ஒன்றும் கிடைக்கவில்லை. 1963 டிசம்பரில் ஒரு நாள் லண்டனில் கடும் பனிமூட்டம், விமானம் மான்செஸ்டருக்குப் போய்விட்டது. சாயங்காலம் குப்பி கைக்கு வந்தபோது திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போயிற்று என்று கொட்டியிருப்பார்கள். எப்ஸ்டீன் ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தார். கலங்கலாகத் தெரிந்தது உயிரோடு மிதக்கும் புற்று அணுக்கள். ஈவான் பார் என்ற இளம் பெண் விஞ்ஞானியும் அவரும் அதை வளர்த்தார்கள். 1964 பிப்ரவரியில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் வைரஸ் தெரிந்தது. மனிதப் புற்றுநோயில் கண்டுபிடித்த முதல் வைரஸ் அதுதான். எப்ஸ்டீன் 2024 பிப்ரவரியில்தான் 102 வயதில் இறந்தார்.

சரி, இதில் மலேரியாவுக்கு என்ன பங்கு? அடிக்கடி மலேரியா வந்தால் பி அணுக்கள் ஓய்வில்லாமல் பெருகிக்கொண்டே இருக்கும். புதுப்புது எதிர்ப்புப் புரதம் செய்வதற்காக அவை தங்கள் மரபணுவைத் தாங்களே வெட்டி ஒட்டும். வெட்டி ஒட்டும் வேலை அதிகமானால் ஒரு நாள் தப்பான இடத்தில் ஒட்டிவிடும். 8ஆம் குரோமோசோமில் இருக்கும் ‘மைக்’ என்ற மரபணு, பெரும்பாலும் 14ஆம் குரோமோசோமுக்கு இடம் மாறி ஒட்டிக்கொள்கிறது. ‘பிரி, பிரி’ என்று அணுவை விரட்டுவதுதான் மைக்கின் வேலை. புது இடத்தில் அதை நிறுத்த ஆள் இல்லை. சாதாரணமாக இப்படிக் கெட்டுப்போன அணு தானே செத்துவிடும். ஈபிவி உள்ளே இருந்தால் சாகவிடாமல் அதைக் காப்பாற்றுகிறது. வைரஸ் மட்டும் போதாது, மலேரியா மட்டும் போதாது, அந்த வெட்டு நடந்தாக வேண்டும். மூன்று வகைப் பர்க்கிட்டிலும் பொதுவாக இருப்பது மைக் இடம் மாறுவதுதான்.

சிங்கப்பூர் மலேரியா ஒழிந்த நாடு என்று உலகச் சுகாதார நிறுவனம் 1982இலேயே சான்று கொடுத்துவிட்டது. பொங்கோலில் இட்லி சாப்பிடும் பையனுக்கு உகாண்டாக் கணக்கு பொருந்தாது.

13 ஜூலை, காலை 9.30

மகன் இதைப் படித்துவிட்டு, ‘நட்சத்திரத்தை ஏன் எழுதவில்லை’ என்கிறான். பர்க்கிட் கட்டியை நுண்ணோக்கியில் பார்த்தால் கருநீல அணுக்கள் நெருக்கமாக நிற்கும், நடுநடுவே வெளிறிய பெரிய அணுக்கள் செத்த அணுக்களை விழுங்கிக்கொண்டிருக்கும். பார்க்க நட்சத்திர வானம் போல இருப்பதால் அப்படியே பெயர் வைத்துவிட்டார்கள். “என் வயித்துல வானம் இருந்துச்சு” என்று தங்கையிடம் சொல்லிக்கொண்டு திரிவான்.

13 ஜூலை, இரவு 8.40

ஒரு திருத்தம். தாதியாக வேலை செய்யும் ஒரு சகோதரி தனியாகச் செய்தி அனுப்பினார். ‘ஈபிவி காய்ச்சலுக்கும் லிம்போமாவுக்கும் சம்பந்தமே இல்லை என்கிற மாதிரி எழுதுகிறீர்கள், அது சரியல்ல’ என்று. அவர் சொல்வது உண்மை. நான் பர்க்கிட்டைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற வேறொன்று இருக்கிறது. உங்கள் மகனுக்கு வந்தது போன்ற வெளிப்படையான காய்ச்சலுக்குப் பிறகு, சில வருடங்களில் அது வரும் வாய்ப்பு கொஞ்சம் கூடுகிறது என்று டென்மார்க், ஸ்வீடன் ஆய்வு 2003இல் காட்டியது. எவ்வளவு? அந்தக் காய்ச்சல் வந்த ஆயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவர். அதுவும் பெரும்பாலும் வாலிப வயதில், அதுவும் நல்ல சிகிச்சை உள்ள நோய். 999 பேருக்கு ஒன்றும் இல்லை. இதை மறைப்பது உங்களுக்கு நல்லதல்ல என்பதால் எழுதுகிறேன்.

உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளுக்கும், பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தியில் குறை உள்ள பிள்ளைகளுக்கும் ஈபிவி வேறு விதமான ஆபத்து. அவர்களைக் கவனிக்கும் மருத்துவர்கள் ரத்தத்தில் வைரஸ் அளவையே எண்ணிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

எதைக் கவனிக்க வேண்டும் என்றும் அந்தச் சகோதரி எழுதச் சொன்னார். ஈபிவி நெறி பெரும்பாலும் தொட்டால் வலிக்கும், சில வாரத்தில் வாட ஆரம்பிக்கும். வலியே இல்லாமல், கெட்டியாக, வாரத்துக்கு வாரம் பெரிதாகும் கட்டி, கழுத்தெலும்புக்கு மேலே வரும் கட்டி, இரவில் தலையணை நனைகிற வியர்வை, எடை குறைவது, வயிறு ஒரு பக்கம் தடிப்பது, மூச்சு வாங்குவது, இவற்றில் எது வந்தாலும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். மலச்சிக்கல் மருந்து இரண்டாவது முறை கையில் வந்தபோது நான் “வயித்தைத் தொட்டுப் பாருங்க டாக்டர்” என்று கேட்டிருக்க வேண்டும்.

14 ஜூலை, பகல் 12.05

தெம்பனிஸிலிருந்து ஒருவர்: அலுவலகத்துச் சீன நண்பரின் அப்பாவுக்கு மூக்குக்குப் பின்னால் புற்றுநோய், அதற்கும் ஈபிவி என்றார்களாம், அதே வைரஸா? ஆம், அதேதான். தென்சீன வம்சாவளியினரிடம் அது அதிகம். மரபு, சிறுவயதிலிருந்து சாப்பிடும் உப்புக் கருவாடு எல்லாம் அதில் சேர்கின்றன. ஒரே வைரஸ் உகாண்டாவில் தாடையில், இங்கே மூக்குக்குப் பின்னால், பெரும்பாலான வீடுகளில் எந்தக் கட்டியும் இல்லை.

தடுப்பூசி உண்டா என்று கேட்டவருக்கு: ஈபிவிக்கு இன்றுவரை இல்லை, மனிதர்களிடம் சோதனைகள் நடக்கின்றன. ஆனால் எச்பிவிக்கு இருக்கிறது. அதுவும் புற்றுநோய் உண்டாக்கும் வைரஸ்தான். உயர்நிலை 1 பெண் பிள்ளைகளுக்கு இங்கே 2019இலிருந்து பள்ளியிலேயே போடுகிறார்கள். சம்மதக் கடிதம் வந்தால் பைக்குள் மடங்கிக் கிடக்கவிடாதீர்கள்.

16 ஜூலை, இரவு 12.30

தூக்கம் வரவில்லை. 11ஆம் தேதி நான் எழுதியதைத் திருப்பிப் படித்தேன். ‘நெகட்டிவ்’ என்று வந்ததும் அத்தை குற்றமற்றவர் ஆகிவிட்டார் என்கிற மாதிரி எழுதியிருக்கிறேன். அது தப்பு. பாசிட்டிவ் என்று வந்திருந்தால்?

அதோடு இன்னொன்றும் தெரியும் எனக்கு. வழக்கமான சோதனையில் ஈபிவி இல்லை என்று வந்த பர்க்கிட் கட்டிகள் சிலவற்றில், இன்னும் நுட்பமாகத் தேடியபோது வைரஸின் தடயம் கிடைத்திருக்கிறது. ஆரம்பத்தில் உள்ளே வந்து வேலையைத் தொடங்கி வைத்துவிட்டு வைரஸ் பிறகு மறைந்திருக்கலாம் என்பது சில ஆய்வாளர்களின் கருத்து. சில வருடம் முன்பு இதைப் படித்தபோது என் வயிற்றில் பழைய நெருப்பு ஒரு நிமிடம் பற்றிக்கொண்டது. ஆக, என் நிம்மதி ஒரு தாளில் இருந்த ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

பாசிட்டிவ் என்றே வந்திருந்தாலும் அது அத்தையின் வைரஸா, என் வைரஸா, பாலர் பள்ளியில் எச்சிலாக்கிய பொம்மையின் வைரஸா? நானும்தான் அவன் கன்னத்தைக் கடித்திருக்கிறேன், அவன் கீழே போட்ட ரப்பர் சூப்பானை என் வாயில் வைத்துத் துடைத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த வாரத்தில் ஒரு தடவைகூட என்னை நான் சந்தேகப்படவில்லை.

17 ஜூலை, இரவு 9.15

இன்னொரு திருத்தம். இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும்.

‘வலது பக்கம் அடிவயிற்றில் கை வைத்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். நான் வைத்தது பிறகு. முதலில் வைத்தவர் அத்தை. சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அவனைக் காலில் படுக்க வைத்து நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தவர், “குடல் ஏறியிருக்குமோன்னு உருவிப் பாத்தேன், இங்க என்னமோ தட்டுது, நீ தொட்டுப் பாரு” என்று என்னைக் கூப்பிட்டார். எண்ணெய்க் கையால் என் விரலைப் பிடித்து அந்த இடத்தில் வைத்தார். வயிற்றை உருவாதீங்க என்று நான் சத்தம்கூடப் போட்டேன். அப்புறம்தான் தட்டுப்பட்டது. இரண்டு நாள் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அறுவை டாக்டர் சொன்னதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

எட்டு வருடமாக இந்தக் கதையை யாரிடம் சொன்னாலும் “நான் பார்த்தேன்” என்றே சொல்லி வந்திருக்கிறேன். நேற்று கணவர் இந்த இழையைப் படித்துவிட்டு, “அம்மாதானே பாத்தாங்க?” என்று மட்டும் கேட்டார்.

17 ஜூலை, இரவு 9.50

மன்னிப்புக் கேட்டீர்களா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். கேட்டேன். திசு அறிக்கை தெரிந்த அன்று சாயங்காலமே. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்து போட்ட வாரம் அது, மகனுக்கு வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே அழுவான். அத்தை வீட்டில் அரிசிக் கஞ்சியை இரண்டு தடவை துணியில் வடிகட்டி, ஃபிளாஸ்க்கில் எடுத்துக்கொண்டு எம்ஆர்டி ரயிலில் வந்திருந்தார். நான் அவர் கையைப் பிடித்துச் சொல்ல ஆரம்பித்தேன். “கஞ்சி ஆறிடும், மொதல்ல புள்ளைக்குக் குடு” என்றார். “நீங்களே குடுங்க அத்தை” என்றேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கையை மூன்று தடவை கழுவிவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். சூடு பார்க்க வாய்ப் பக்கம் கொண்டுபோன கரண்டியை நிறுத்தி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தார். கீமோவில் வெள்ளையணு குறைந்திருக்கும் பிள்ளைக்கு அதுதான் சரி. அதை அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

28 ஜூலை, இரவு 10.00

பொங்கோல் அப்பா நேற்று எழுதியிருப்பதைப் பார்த்தேன். காய்ச்சல் நின்றுவிட்டது, இடது பக்க நெறி பாதியாகிவிட்டது, வலது பக்கம் இன்னும் இருக்கிறது. சந்தோஷம். வலது பக்கத்தை விரலால் அமுக்கி அமுக்கிப் பார்க்காதீர்கள், அமுக்கினாலும் வீங்கும். வாரம் ஒரு தடவை, ஒரே ஆள், ஒரே நாள் பார்த்துக் குறித்து வையுங்கள். டாக்டர் சொன்ன தேதிக்குப் போங்கள்.

தட்டைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை.

18 ஆகஸ்ட், மாலை 6.40

பொங்கோல் அப்பாவின் செய்தி இன்று வந்தது. அனுமதி கேட்டுவிட்டு எழுதுகிறேன். பையனுக்கு நெறி வாடிவிட்டது, பள்ளிக்குப் போகிறான், மண்ணீரல் சரி என்று டாக்டர் பந்து விளையாட விட்டுவிட்டார். தனித் தட்டை அவர் மனைவியே எடுத்து உள்ளே வைத்துவிட்டாராம். அம்மாதான் இன்னும் தயங்குகிறாராம், பேரனுக்கு ஊட்டச் சொன்னால் “நீயே ஊட்டும்மா” என்று நகர்ந்துவிடுகிறாராம்.

எங்கள் அத்தையிடம் படித்துக் காட்டினேன். அந்த அம்மாவின் போன் நம்பரை வாங்கித் தரச் சொல்கிறார்.